பழைய விதை: செத்ததா, சோர்ந்ததா, தூங்குகிறதா?

மார்கழி கடைசியில், தை பிறக்கும் சமயத்தில், டெல்டா கிராமங்களில் ஒரு வேலை நடக்கும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற பயிருக்குள் இறங்கி உளுந்தைத் தூவிவிடுவார்கள். நெல் தரிசு உளுந்து என்பது இதுதான். அதற்குத் தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. வயலில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் இரவுப் பனியையும் வைத்துக்கொண்டே அது முளைத்து, வேர்விட்டு, காய்த்தாக வேண்டும். முளைப்பதற்கு நான்கு நாள் தாமதமானால் மண் காய்ந்து இறுகிவிடும்.

அந்த விதை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் போன பங்குனியில் அதே வயலில் எடுத்த உளுந்துதான். சித்திரை வெயிலையும் ஐப்பசி அடைமழையையும் மூட்டைக்குள் கிடந்தபடியே பார்த்துவிட்டு வருகிறது. வயது ஒன்பது, பத்து மாதம். பார்ப்பதற்குக் கறுப்பாக, உருண்டையாக நன்றாகவே இருக்கும். தூவிய பிறகுதான் அங்கங்கே சொட்டையாகத் தெரியும்.

“பழைய விதையா? ராத்திரி ஊறப்போட்டு விதை” என்று யாராவது சொல்வார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் செய்தேன். இட்லிக்கு ஊறவைப்பதுபோல ஒரு குண்டான் நிறையத் தண்ணீரில் இரவு முழுக்க மூழ்கவைத்தேன். காலையில் தண்ணீர் கலங்கி, மேலே நுரை கட்டி, கைவைத்தால் வழவழவென்று இருந்தது. அதை அப்படியே கொண்டுபோய் விதைத்தேன். ஊறப்போடாமல் விதைத்திருந்தால்கூட அதைவிட அதிகம் முளைத்திருக்கும். ஏன் அப்படி ஆயிற்று என்று விளங்கிக்கொண்டால் பழைய விதையை நேர்த்தி செய்வதன் சூட்சுமம் முக்கால்வாசி புரிந்துவிடும்.

மூட்டைக்குள் என்ன நடக்கிறது?

விதை காய்ந்து கிடந்தாலும் அதற்குள் உயிர் இருக்கிறது. மிக மெதுவாக மூச்சும் விடுகிறது. நாளாக ஆக, செல்களைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் இருக்கும் கொழுப்பு காற்றுப் பட்டுக் கெடுகிறது. பழைய நிலக்கடலையை வாயில் போட்டால் ஒரு சிக்கு வாடை வருமே, அந்த வேதிவினைதான். சவ்வு அங்கங்கே பொத்தல் விழுகிறது. முளைப்பதற்கான நொதிகள் வலுவிழக்கின்றன. மரபுப்பொருளான டி.என்.ஏ.வில்கூட முறிவுகள் சேர்கின்றன. உலர்ந்த விதையால் இவற்றைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் பழுதுபார்க்கிற வேலைக்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே சேதம் சேமிப்புக் காலம் முழுக்கக் கூடிக்கொண்டே போகிறது.

இந்தச் சேதத்தைத் துரிதப்படுத்துபவை இரண்டு: விதையின் ஈரம், சுற்றியுள்ள வெப்பம். கலிபோர்னியாவைச் சேர்ந்த விதை விஞ்ஞானி ஹாரிங்டன் ஒரு எளிய கணக்குச் சொன்னார். விதையின் ஈரத்தில் 1 சதவீதம் குறைத்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். சேமிக்கும் இடத்தின் வெப்பத்தில் 5 டிகிரி செல்சியஸ் குறைத்தாலும் இரட்டிக்கும். துல்லியமான விதி இல்லை, தோராயக் கணக்குதான். இருந்தாலும் போட்டுப் பாருங்கள்: 13 சதவீத ஈரத்தில் வைத்த விதையை 9 சதவீதத்துக்குக் காயவைத்தால் ஆயுள் 16 மடங்கு! நம் ஊரில் சிக்கல் என்னவென்றால், வெயிலில் நன்றாகக் காயவைத்த உளுந்துகூட, சாதாரணச் சாக்கில் இருந்தால் ஐப்பசி, கார்த்திகைக் காற்றிலிருந்து ஈரத்தை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். பயறு வகை விதைக்குச் சான்று கொடுக்க ஈரம் 9 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி வைத்திருப்பதும், சான்று விதைக்கு முதலில் 9 மாதம் மட்டுமே செல்லுபடிக் காலம் தருவதும் இதனால்தான்.

இஸ்ரேலில் மசாடா கோட்டையின் இடிபாடுகளில் கிடைத்த, ஏறக்குறைய 2000 வருடப் பழைய பேரீச்சங்கொட்டை ஒன்று 2005-இல் முளைத்தது. அதைக் கேட்டுவிட்டு, “அதுவே முளைக்கும்போது என் வெங்காய விதை முளைக்காதா?” என்று கேட்கத் தோன்றும். மசாடா இருப்பது சாக்கடலோரப் பாலைவனத்தில். கொட்டை எலும்புபோலக் காய்ந்து கிடந்தது. வெங்காய விதையோ பிறவியிலேயே அற்பாயுசு, நம் வீட்டு அலமாரியில் ஒரு வருடம் தாண்டினாலே சரிந்துவிடும். உரித்த நிலக்கடலைப் பருப்பும் சோயாவும் அதே கதைதான். தக்காளி, கத்தரி, வெள்ளரி விதைகள் நன்றாகக் காய்ந்திருந்தால் நாலைந்து வருடம்கூடத் தாங்கும். மா, பலாக் கொட்டைகள் வேறு சாதி. அவை காய்ந்தாலே செத்துவிடும், பழையது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

தண்ணீர் உள்ளே போகும்போது

விதை தண்ணீரை ஒரே சீராகக் குடிப்பதில்லை. முதல் சில மணி நேரம் வேகமாக உறிஞ்சும். இந்தக் கட்டத்தில் செத்த விதைகூட உப்பும், அதனால் உப்புவதை வைத்து ஏமாறக்கூடாது. பிறகு உறிஞ்சுவது ஏறக்குறைய நின்றுவிடும். வெளியே எதுவும் நடக்காததுபோலத் தெரியும் இந்த இடைவேளைதான் முக்கியம். கிழிந்த சவ்வு ஒட்டுவது, டி.என்.ஏ. முறிவுகள் சரியாவது, புது நொதிகள் உருவாவது எல்லாம் இப்போதுதான். மூன்றாவது கட்டத்தில் வேர்முனை தோலைக் கிழித்து வெளியே வரும், மறுபடி தண்ணீர் வேகமாக உள்ளே போகும்.

பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர்கள் முதலில் ஒட்டடை அடித்து, ஒழுகும் ஓட்டை மாற்றிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்கள். புது விதைக்கு அந்த வேலை கொஞ்சம்தான். பழைய விதைக்கு நிறைய. அதனால்தான் அது தாமதமாக முளைக்கிறது. விதைத்த பிறகு மண்ணுக்குள்ளேயே இந்தப் பழுதுபார்ப்பு நடந்தால், அது முடிவதற்குள் ஈரம் வற்றிவிடலாம், பூசணம் பிடிக்கலாம், எறும்பு தூக்கிப்போகலாம். அதையே விதைப்பதற்கு முன்பே, நம் கண்முன்னால், பாதுகாப்பாக நடத்திவிட்டு, வேர் வெளியே வருவதற்குள் நிறுத்தி, மறுபடி உலர்த்திவிடுவதுதான் விதை நேர்த்தியின் இந்த வகை. நம் வேளாண் கையேடுகளில் விதையைக் கடினப்படுத்துதல் என்று இருக்கும். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஆர்.என். பாசு என்பவர் ஊறவைத்து உலர்த்தும் இந்த முறையைப் பல பயிர்களில் நெடுங்காலம் ஆராய்ந்தார்.

ஊறவைக்க எல்லோருக்கும் தெரியும். எப்போது நிறுத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வேர் எட்டிப் பார்த்துவிட்டால் விதை காய்வதைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். அதற்குப் பிறகு உலர்த்தினால் சாவுதான்.

இப்போது என் குண்டான் உளுந்துக்கு வருவோம். பொத்தல் விழுந்த சவ்வோடு இருக்கும் விதையைத் திடீரென்று நிறையத் தண்ணீரில் போட்டால், ஒட்டுவதற்கு நேரம் கிடைக்காமல் உள்ளே இருக்கும் சர்க்கரையும் உப்புகளும் வெளியே கசிந்துவிடும். வெடித்த களிமண் வயலில் ஒரேயடியாக மடையைத் திறந்தால் தண்ணீர் எல்லாம் வெடிப்புக்குள் இறங்கிப்போவதுபோல. கலங்கிய தண்ணீர், நுரை, வழவழப்பு எல்லாம் அந்தக் கசிவுதான். ஆய்வகங்களில் விதை ஊறிய நீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று அளந்து விதையின் வீரியத்தைக் கணிக்கிறார்கள். கசிவு அதிகமானால் மின்கடத்தலும் அதிகம். வீட்டில் இரண்டு டம்ளர் போதும். ஒன்றில் புது உளுந்து, இன்னொன்றில் பழசு, இருபது இருபது விதை. நாலைந்து மணி நேரம் கழித்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். போதாக்குறைக்கு, மண்ணில் கசியும் அந்தச் சர்க்கரைதான் பூசணங்களுக்கு விருந்துக்கு அழைப்பு.

ஆகவே பழைய பயறு விதைக்குத் தண்ணீரை மெதுவாகக் கொடுக்க வேண்டும்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

நேர்த்திக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பலர் தாண்டிப் போய்விடுவது இதைத்தான். கையில் இருக்கும் விதை செத்ததா, சோர்ந்ததா, தூங்குகிறதா என்று தெரியாமல் எந்த வைத்தியமும் பலிக்காது.

மூட்டையின் மேலே, நடுவே, அடியில் என்று கலந்து எடுத்து, பொறுக்காமல், நூறு விதை எண்ணுங்கள். பத்து விதையில் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்கள் உண்டு. அதில் இரண்டு தவறினாலே கணக்கு இருபது சதவீதம் மாறிவிடும். ஈரமான பருத்தித் துணியில் வரிசையாக வைத்து, சுருட்டி, நிழலில் வையுங்கள். துணி ஈரமாக இருக்க வேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது. உளுந்து, பாசிப்பயறுக்கு ஒரு வாரம். நெல்லுக்கும் தக்காளிக்கும் இரண்டு வாரம் வரை பொறுக்கலாம்.

எண்ணும்போது முளைத்ததை எல்லாம் எண்ணிவிடாதீர்கள். வேரும் தண்டும் ஒழுங்காக வந்திருப்பதை மட்டும் எண்ணுங்கள். வேர்முனை கருகியது, முறுக்கிக்கொண்டது, வெறும் தண்டு மட்டும் வந்தது எல்லாம் வயலில் தேறாது. எத்தனை நாளில் முளைத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு எழுபது முளைத்தும் அதில் பாதி ஆறாவது நாள்தான் தலைகாட்டியது என்றால், விதைக்கு முளைப்புத்திறன் இருக்கிறது, வீரியம் போய்விட்டது. சோர்ந்த விதை என்பது இதுதான், நேர்த்தியால் அதிகப் பலன் பெறுவதும் இதுதான். புது விதையில் வித்தியாசம் சொற்பமாகவே தெரியும்.

அரசு விதைத் தரத்தில் குறைந்தபட்ச முளைப்பு நெல்லுக்கு 80 சதவீதம், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் 75, நிலக்கடலைக்கு 70, தக்காளி, கத்தரிக்கு 70, மிளகாய்க்கு 60. உங்கள் எண்ணிக்கை இதையொட்டி இருந்தால் கவலையில்லை. கொஞ்சம் குறைவென்றால் நேர்த்தியோடு விதை அளவையும் கூட்டுங்கள். 75 சதவீத விதையில் ஏக்கருக்கு 10 கிலோ என்றால், 60 சதவீத விதையில் பன்னிரண்டரை கிலோ. பாதிக்கும் கீழே போய்விட்டதென்றால் என் அபிப்பிராயத்தில் அது விதையில்லை, பருப்பு. உடைத்துச் சாம்பார் வைத்துவிடலாம் (பூச்சிமருந்தோ பூசணமருந்தோ கலந்திருந்தால் கண்டிப்பாகக் கூடாது). முளைக்கிற மிச்சப் பாதியும் நோஞ்சானாகத்தான் வரும். இறந்த விதையை எந்தக் கரைசலும் எழுப்பாது.

தூங்கும் விதை தனிக்கதை. அறுத்த சூட்டோடு விதைக்கும் சில நெல் ரகங்கள் முளைக்காது. அது முதுமை இல்லை, உறக்கநிலை. சில வாரம் பொறுத்தால் தானே தெளியும். துணியில் ஒரு வாரம் கிடந்தும் உப்பாமல் கல்லுபோல இருக்கும் பாகல் அல்லது வெண்டை விதைக்கு இன்னொரு காரணம் உண்டு: தோல் தடித்துத் தண்ணீர் உள்ளே போகவில்லை. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் போதும்.

உளுந்துக்கு

விதையின் அளவில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மட்டும் எடுங்கள். 9 படி உளுந்துக்கு 3 படி. மெதுவாகக் கொடு என்பதன் நடைமுறை வடிவம் இதுதான். விதை மூழ்காது, இருக்கிற தண்ணீரைப் பகிர்ந்து குடிக்கும். விதையைப் பரப்பி, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் புரட்டுங்கள். மூன்று, நான்கு மணி நேரம் ஈரச்சாக்கால் மூடி வைத்துவிட்டு நிழலில் மெல்லிசாகப் பரப்பி உலர்த்துங்கள். காய்ந்தது போதுமா என்று எப்படித் தெரியும்? தொடங்குவதற்கு முன் எடை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதே எடைக்கு வந்தால் முடிந்தது. வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் தோல் வெடித்து, பருப்பு இரண்டாகப் பிளக்கும்.

வெறும் தண்ணீருக்குப் பதில் துத்தநாக சல்பேட் 100 பி.பி.எம். கரைசலைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உளுந்துக்குச் சொல்கிறது, பாசிப்பயறுக்கு மாங்கனீசு சல்பேட். பி.பி.எம். என்றால் மிரள வேண்டாம். 100 பி.பி.எம். என்பது 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம். கூடப் போட்டால் கூடப் பலன் என்று ஒரு கைப்பிடி அள்ளிப்போட்டால் முளை கருகும். இந்த சல்பேட் உப்புகள் கைவசம் இல்லையென்றால் அதற்காக விதைப்பைத் தள்ளிப்போடாதீர்கள். பழுதுபார்ப்பதில் பெரும்பங்கு தண்ணீருடையதுதான்.

பீஜாமிர்தத்தில் புரட்டுகிறவர்களும் உண்டு. சாணம், கோமியம், சுண்ணாம்பு எல்லாம் விதையின் மேல்பூச்சாக இருந்து நுண்ணுயிர்களைச் சேர்க்கும். அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் விதைப்பதற்கு முன் கொஞ்ச நேரம் புரட்டி எடுப்பதால் உள்ளிருக்கும் முதுமை சரியாகிவிடாது. அதற்குத் தேவையான ஈரமும் நேரமும் அங்கே கிடைப்பதில்லை.

உலர்த்திய பிறகு, விதைக்கும் சமயத்தில், நோய்ப் பூசணங்களை அடக்கும் நல்ல நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மா விரிடி கிலோவுக்கு 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் கலக்கலாம். பழைய விதை புதுசைவிட அதிகம் கசியும், பூசணத்துக்கு எளிதில் இரையாகும் என்பதால் இது வீண்செலவு இல்லை. பயறு வேரில் முடிச்சு கட்டித் தழைச்சத்து சேர்க்கும் ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் கலந்து கடைசியாகப் பூசுங்கள். ரசாயனப் பூசணக்கொல்லியோடு சேர்த்துக் குழைத்தால் அந்த பாக்டீரியா செத்துப்போகும்.

நெல்லுக்கு

நெல் உமிக்குள் இருப்பதால் தண்ணீர் வேகத்தை அவ்வளவாகக் கண்டு பயப்படாது. முதலில் உப்புக் கரைசலில் சாவியை, அதாவது மணி பிடிக்காத பதரை, பிரித்துவிடுங்கள். 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கோழிமுட்டையைப் போட்டு, அது மிதந்து நாலணா அகலத்துக்கு மேலே தெரியும்வரை கல்லுப்பைக் கரைப்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. ஒன்றரை கிலோ அளவுக்குப் பிடிக்கும். முட்டை அன்று இட்டதாக இருக்கட்டும். பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கும்! மிதக்கும் நெல்லை அரித்தெடுத்துவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.

அதன்பின் இரண்டு வழி. நாற்றங்காலில் உடனே விதைப்பதானால் வழக்கம்போல ஒரு நாள் ஊறவைத்து, சாக்கில் கட்டி மூட்டம் போட்டு, முளைகட்டி விதைக்கலாம். பழைய நெல்லில் வரும் தொல்லை, முளை ஒரே மாதிரி வராது. வீரியமான நெல் நீளமாக வேர்விட்டிருக்கும்போது சோர்ந்தது இப்போதுதான் கண் திறந்திருக்கும். எல்லாம் வரட்டும் என்று காத்திருந்தால் நீள வேர்கள் சிக்கிக்கொண்டு, வீசும்போது ஒடியும். முக்கால்வாசி மூக்கு காட்டியதும் விதைத்துவிடுவது நல்லது.

நேரடி விதைப்புக்காரர்களுக்கு, மழையை நம்பிப் புழுதியில் விதைக்கிற ராமநாதபுரம் பக்கத்தவர்களுக்கு, முளைகட்டுவது ஆகாது. அவர்களுக்குத்தான் உலர்த்தும் முறை. 1 சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசல், அதாவது லிட்டருக்கு 10 கிராம். விதையும் கரைசலும் சம அளவு. 20 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு உலர்த்தி விதைக்க வேண்டும்.

இரண்டு பயிருக்கும் பொதுவாக ஒன்று: நேர்த்தி செய்து உலர்த்திய விதையை மறுபடி மாதக்கணக்கில் மூட்டை கட்டி வைக்காதீர்கள். முளைப்பதற்குப் பாதி தயாரான விதை, சேமிப்பில் சீக்கிரம் கெடும். விதைப்புக்கு ஒரு சில நாள் முன்னால் செய்தால் போதும்.

ஒரு கைப்பிடிதான் இருக்கிறது என்றால்

பாதிக்கும் கீழே போனால் பருப்பு என்று சொன்னேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு. திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் தொடங்கி நடத்திய நெல் திருவிழாவில் பாரம்பரிய ரக விதை 2 கிலோ வாங்கிப்போனவர்கள் மறுவருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. இப்படி எங்கிருந்தோ ஆசையாக வாங்கிவந்த அபூர்வ ரகம், அந்த வருடம் மழை தப்பியோ மறந்தோ அலமாரியில் இரண்டு வருடம் கிடந்துவிடும். வேறெங்கும் கிடைக்காத விதை என்றால் சதவீதம் பார்க்கக்கூடாது.

அப்போது வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். முழுவதையும் ஒரேயடியாக நனைக்கவும் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடுங்கள். ஈரத்துணியில் பரப்பி, தினமும் பிரித்துப் பாருங்கள். பூசணம் பிடித்ததை உடனே எடுத்தெறியுங்கள். வேர் விட்டதை ஒவ்வொன்றாக, வேர்முனையில் கை படாமல், மணலும் மட்கிய எருவும் கலந்த சிறு தொட்டிக்கு மாற்றுங்கள். மூன்று வாரம் வரை துணியை எறிய வேண்டாம், பதினைந்தாம் நாள் முளைத்த நெல்லை நான் பார்த்திருக்கிறேன். நாற்று ஒரு சாண் உயர்ந்ததும் குத்துக்கு ஒன்றாக, தாராள இடைவெளியில் நட்டுவிட்டால் நன்றாகத் தூர் கட்டும். பன்னிரண்டு நாற்று தேறினால்கூட அறுப்பில் அடுத்த வருட நாற்றங்காலுக்குத் தொடக்க விதை கிடைத்துவிடும். அந்த நெல்லை, கடித்தால் கடக்கென்று உடையும் அளவுக்குக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, மேலே ரகத்தின் பெயரோடு அறுத்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள்.